அஞ்சலட்டை எழுதவா, நாவல் எழுதவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், எழுத்தாளர்கள் வாசகர்களிடம் மாதச் சந்தா வாங்கி எப்படிப் பிழைக்கலாம் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், நம் பக்கத்தில் இதைப் பற்றி வெளிப்படையாக யாரும் பேசுவதில்லை. ஆனால் கட்டுரைக்குக் கீழே ஓர் அட்டவணை இருந்ததே, ₹49இல் ஆரம்பித்து ₹4,999 வரை ஏழு படி, ஒவ்வொரு படிக்கும் இன்னின்ன பரிசு என்று, அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு அட்டவணையை நானும் போட்டேன், 2024 பொங்கலுக்கு. எட்டு மாதம் அனுபவித்தேன். யாராவது உங்கள் அட்டவணையைக் கத்தரித்து எடுத்து வைப்பதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வத்தலக்குண்டில் இருக்கிறேன். ஐந்து நாவல் வந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை வருகிற ராயல்டி, எங்கள் வீட்டு இரண்டு மாத மளிகைக்குக் காணாது. இது புலம்பல் இல்லை, தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். பகலில் கடையில் உட்கார வேண்டும், சாயங்காலம் வீடு, அதனால் காலை 4 மணிக்கு எழுந்து 6:30 வரைக்கும் எழுதுவேன். அந்த இரண்டரை மணி நேரம்தான் என் மொத்த முதலீடு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்கில் வரும்.

மகள்தான் யோசனை சொன்னாள். வெளிநாட்டில் பேட்ரியான் என்று ஒன்று இருக்கிறது, 2013இல் ஜாக் கான்டே என்கிற இசைக்காரர் ஒருவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து ஆரம்பித்தது, பாட்டுக்காரர், ஓவியர், எழுத்தாளர் என்று பலரும் அதில் ரசிகர்களிடம் மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள், நீயும் செய்யேன் என்றாள். சரி என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். படிகளுக்கு வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பெயர் வைத்தால் நகைக்கடைச் சீட்டு மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு மேதாவித்தனம் தோன்றி, ஐந்து படிக்கும் ஐந்து திணையின் பெயரை வைத்தேன். ₹50 பாலை, ₹100 முல்லை, ₹250 மருதம், ₹500 நெய்தல், ₹1,500 குறிஞ்சி.

முதல் வாரத்திலேயே அடி விழுந்தது. "உங்களுக்கு மாதம் அம்பது ரூபாயும் கொடுத்து, பாலைவனத்தில் வேற நிற்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், திணைகளுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது, அதற்கு விலை போட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று நீளமாக எழுதினார். அதோடு விடவில்லை. பணம் மட்டும் கட்டிக்கொண்டு பதிலே வராமல் இருக்கிற என் போன்றவர்களுக்குக் கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல், என்று ஆறாவதாக ஒரு படி வைத்துவிடுங்கள் என்றும் சேர்த்திருந்தார். நான் சிரித்துக்கொண்டே பதில் போட்டேன், ஆனால் பெயர்தான் தப்பு, அமைப்பு சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அமைப்பும் தப்பு.

பரிசுகளைச் சொல்கிறேன். பாலைக்கு நன்றி, பெயர் பட்டியலில் இடம். முல்லைக்கு மாதம் ஒரு அத்தியாயம், புத்தகமாக வருவதற்கு முன்பே. மருதத்துக்கு அதோடு என் குரலில் அந்த அத்தியாயத்தின் ஒலிப்பதிவு. நெய்தலுக்கு மாதாமாதம் கையால் எழுதிய அஞ்சலட்டை. குறிஞ்சிக்கு அரை மணி நேரம் போனில் பேச்சு, வருஷக் கடைசியில் கையெழுத்துப் போட்ட புத்தகம், அப்புறம் நாவலில் ஒரு பாத்திரத்துக்கு அவர்கள் சொல்கிற பெயர். ஆகஸ்டில் எண்ணிக்கை இப்படி இருந்தது: பாலை 9, முல்லை 58, மருதம் 17, நெய்தல் 26, குறிஞ்சி 4. மொத்தம் 114 பேர், மாதம் ₹29,500. பணம் எடுத்துக் கொடுக்கிற நிறுவனத்துக்கு 2 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி, ஆக ₹700 போல போகும். மீதி கைக்கு வரும். ஐந்து நாவலுக்கும் சேர்த்து அப்படி ஒரு தொகையை நான் பார்த்ததில்லை.

நெய்தலை மட்டும் பாருங்கள். அஞ்சலட்டை 50 காசு. 26 அட்டைக்கு ₹13 செலவு, ₹13,000 வரவு. ஆயிரம் மடங்கு. உலகத்தில் எந்த வியாபாரத்திலும் இந்த லாபம் இல்லை என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் ஒரு அட்டைக்கு 20 நிமிஷம் ஆகிறது. ஐநூறு ரூபாய் கொடுத்தவருக்கு "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதி அனுப்ப மனசு வராது. ஒருவருக்கு எழுதியதையே இன்னொருவருக்கு எழுதவும் கூச்சமாக இருக்கும், இரண்டு பேரும் ஒரே ஊராக இருந்தால் காட்டிக்கொள்வார்களே. ஆக 26 பேருக்கு ஏறக்குறைய 9 மணி நேரம். குறிஞ்சிக்காரர்களின் அரை மணி நேரப் பேச்சு ஒரு நாளும் அரை மணியில் முடிந்தது கிடையாது, நாலு பேருக்கு 5 மணி நேரம். ஒலிப்பதிவு இருக்கிறதே, அது ஒரு தனி நரகம். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி, எதிர் வீட்டுக் குக்கர், தெருவில் உப்பு விற்கிற வண்டி எல்லாம் ஓய்கிற நேரம் எது? நான் நாவல் எழுதுகிற அதே காலை 4 மணிதான். மூச்சு வாங்கியது, நாக்குப் புரண்டது, திரும்பப் பேசியது என்று ஒரு அத்தியாயத்துக்கு 12 மணி நேரம் போனது. யாருக்குப் பணம் நின்றது, யார் முகவரி மாறியது, தபால் நிலைய வரிசை, இதற்கெல்லாம் 4 மணி. கூட்டினால் மாதம் 30 மணி நேரம். என் இரண்டரை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 12 விடியல். மாதத்தில் 12 காலை, நாவல் எழுதுவதற்காக வாங்கிய பணத்துக்குப் பதில் மரியாதை செய்வதிலேயே போய்க்கொண்டிருந்தது.

ஜூலையில் அனுப்பிய அத்தியாயம் எட்டுப் பக்கம்தான் இருந்தது. அது நன்றாக இல்லை என்று எனக்கே தெரியும். அஞ்சலட்டைகள் மட்டும் நன்றாக இருந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது மணிக்கணக்கில் வராத விஷயம். குறிஞ்சிக்காரர் ஒருவர் பாத்திரத்துக்குத் தன் காலமான அப்பாவின் பெயரைக் கேட்டார். வைத்தேன். கதையில் அந்த ஆள் கடைசியில் குடித்துவிட்டு மகளுடைய கல்யாண நகையை அடகு வைக்க வேண்டும், ஆரம்பத்திலிருந்தே அது அப்படித்தான். எழுதும்போது கை வரவில்லை. அந்த வாசகர் மாதம் ஒரு முறை போனில் என்னிடம் அப்பாவைப் பற்றிப் பேசுகிறவர். நான் நகையை அடகு வைக்கிற வேலையை அந்தப் பாத்திரத்தின் தம்பி தலையில் கட்டினேன். புத்தகம் அப்படியே அச்சாகி வந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த இடம் பொய் என்று எனக்குத் தெரியும். உங்கள் அட்டவணையில் ₹2,499 படியில் இதே பரிசு இருக்கிறது. தயவுசெய்து அதை யாரும் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் நேரத்தைத்தான் தின்னும், இது கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வாசகனிடம் முன்பணம் வாங்கி எழுத்து நடத்துவது நமக்குப் புதிது இல்லை. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது கையொப்பம், அதாவது புத்தகத்துக்கு முன்கூட்டியே சந்தா, வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். கையொப்பம் போட்டவருக்குக் கிடைப்பது அந்தப் புத்தகம், வேறொன்றும் இல்லை. எங்கள் வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்து 1970 வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார், சந்தாதாரருக்குப் பத்திரிகைதான் பரிசு. பரிசு என்று பெரிதாக யோசித்தவர் பாரதிதான். 1920இல் கடையத்திலிருந்து அவர் ஒரு சுற்றறிக்கை விட்டார், தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாகப் போடப்போகிறேன், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் மாதிரி விற்கும், பணம் கடனாகக் கொடுங்கள், மாதம் 2 சதவீதம் வட்டி தருகிறேன் என்று. திட்டம் நடக்கவில்லை, அடுத்த வருஷம் அவரே போய்விட்டார். அந்த வட்டியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் குறிஞ்சிப் படி ஞாபகம் வரும். எழுதுகிறவனுக்குத் தன் எழுத்து மட்டுமே போதும் என்று தோன்றாமல், மேலே எதையாவது வைத்துக் கொடுக்க வேண்டும் என்கிற பதற்றம் நூறு வருஷமாக இருக்கிறது போல.

செப்டம்பரில் நிறுத்தினேன். 114 பேருக்கும் ஒரே கடிதம் எழுதினேன், அஞ்சலட்டை இல்லை, எல்லோருக்கும் பொதுவாக. இத்தனை மணி நேரம் இதில் போகிறது, நாவல் நிற்கிறது, இனிமேல் இரண்டே படி, ₹100, ₹300, இரண்டு பேருக்கும் மாதம் அதே ஒரு அத்தியாயம், ₹300காரர்களுக்கு வருஷக் கடைசியில் புத்தகம் வீட்டுக்கு வரும், அதன் கடைசிப் பக்கத்தில் கையொப்பக்காரர் என்று பெயர் அச்சாகும், அவ்வளவுதான் என்றேன். மூன்று நாள் போனைத் திறக்கவே பயமாக இருந்தது.

நெய்தல் 26 பேரில் 17 பேர் ₹300இல் இருந்துகொண்டார்கள், 6 பேர் ₹100க்கு இறங்கினார்கள், 3 பேர்தான் போனார்கள். ஒரு அம்மா, "நீங்க நாவலை முடிங்க, லெட்டர் போட எனக்கு வேற ஆள் இருக்கு" என்று எழுதினார். மருதத்தில் 12 பேர் மேலே ஏறினார்கள், 5 பேர் இறங்கினார்கள், ஒலிப்பதிவை ஒரு தடவைகூடத் திறந்து கேட்டதில்லை என்று அதில் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். அந்த 12 மணி நேரத்தை நினைத்துக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குறிஞ்சியில் 3 பேர் ₹300இல் இருந்துகொண்டார்கள். பாலையில்தான் 7 பேர் போய்விட்டார்கள், ₹50ஐ ₹100 ஆக்கியது அவர்களுக்குப் பெரிய ஏற்றம், அது என் தப்பு. முல்லை 58 பேரும் அப்படியே ₹100இல் இருந்தார்கள். ஆக 103 பேர், மாதம் ₹16,700. மறைக்க விரும்பவில்லை, வருமானம் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிட்டது. உங்கள் கட்டுரையாளர் இதைப் படித்தால் பார்த்தீர்களா என்பார். ஆனால் 30 மணி நேரம் 3 மணி நேரம் ஆனது. நாவல் அடுத்த பதினோரு மாதத்தில் முடிந்தது. இன்றைக்கு ₹100இல் 96 பேர், ₹300இல் 41 பேர், ₹21,900. பழைய தொகையை இன்னும் தொடவில்லை, தொடாமலேகூடப் போகலாம்.

இனி புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குச் சில நடைமுறைச் சங்கதிகள், கட்டுரையில் இல்லாதவை.

பணம் எப்படி வரும் என்பதைப் படி போடுவதற்கு முன்னால் பாருங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் விதி அமலுக்கு வந்ததிலிருந்து, கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். ₹15,000 வரைக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது, அது வசதி. ஆனால் "நாளை உங்கள் கணக்கிலிருந்து ₹500 எடுக்கப்படும்" என்று மாதாமாதம் ஒரு செய்தி வாசகர் கையில் மணியடிக்கும். ₹100 என்றால் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ₹1,500 என்றால் மாதத்துக்கு ஒரு தடவை, இந்த அம்மா தேவையா என்று உட்கார்ந்து யோசிப்பார்கள். பெரிய படி வைக்கிறவர்கள் மாதாமாதம் தேர்தலில் நிற்கிறார்கள்.

ரொம்பச் சின்னப் படியிலும் ஆபத்து இருக்கிறது. 2017 டிசம்பரில் பேட்ரியான், ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9 சதவீதமும் 35 சென்டும் ரசிகரே கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அறிவித்தது. ஒரு டாலர் கொடுத்தவர் 1.38 டாலர் கொடுக்க வேண்டும், நூறு டாலர்காரருக்கு அது உறைக்கவே உறைக்காது. ஒரு டாலர்காரர்கள் கூட்டமாக வெளியேறினார்கள், நிறுவனம் ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒரு தடவைக்கு இவ்வளவு என்று நிலையாக ஒரு கட்டணம் இருந்தால், அடி விழுவது கீழ்ப்படிக்குத்தான். பணம் எடுக்கிற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது அந்த வரியைத் தேடிப் படியுங்கள். இப்போது பேட்ரியானில் புதிதாகப் பக்கம் தொடங்குகிற எழுத்தாளர், கலைஞர்களிடம் 10 சதவீதம் எடுக்கிறார்கள், ரசிகர் ஐபோன் செயலிக்குள் ஆப்பிள் வழியாகப் பணம் கட்டிச் சேர்ந்தால் ஆப்பிளுக்கு 30 சதவீதம் தனி.

தபால். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2024 டிசம்பரில் புத்தகங்களைக் கட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், தபால் நிலையத்தில், புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்புகிற பழைய புக் போஸ்ட் இனி இல்லை என்றார்கள். விலை போட்டது அதற்கு முன்பே, தபால் செலவு அப்போதைய புக் போஸ்ட் கணக்கு. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, பார்சலாகவே அனுப்பினேன், கைக்காசு போனது. 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று 'கியான் போஸ்ட்' வந்தது, 300 கிராம் வரை ₹20, 5 கிலோ வரை போனால் ₹100, வரி தனி. இப்போது அதில் போகிறது. ஆனால் அன்றிலிருந்து ஒரு முடிவு, தபாலில் போகிற எதையும் மாதாமாதம் என்று வாக்குக் கொடுப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தரம், அதுவும் உள்நாட்டுக்கு மட்டும். டொரன்டோவிலும் சூரிச்சிலும் இருக்கிற வாசகர்களுக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது கையில் கொடுக்கிறேன், அல்லது இங்கே ஒரு நூலகத்துக்கு அவர்கள் பெயரில் போகும், அதையே நிறையப் பேர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

வெளிநாடு என்றதும் இன்னொன்று. என் பக்கத்தில் ஆரம்பத்தில் 'நன்கொடை' என்று எழுதியிருந்தேன், கேட்கவும் படிக்கவும் அழகாக இருந்தது. ஆடிட்டர் பார்த்துவிட்டுப் பதறினார். 2010ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், வெளிநாட்டுக்காரரிடமிருந்து நன்கொடையே வாங்கக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, வேட்பாளர், எம்எல்ஏ, எம்பி, நீதிபதி இவர்களோடு பதிவுபெற்ற பத்திரிகையில் பத்தி எழுதுகிறவரும் அதில் வருகிறார். நான் ஒரு இதழில் மாதம் ஒரு பத்தி எழுதுகிறேன்! கனடாக் குடியுரிமை வாங்கிய நம் யாழ்ப்பாணத்து வாசகர் அன்பாக அனுப்புகிற பத்து டாலர், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுப் பணம். பொருளுக்கோ வேலைக்கோ வியாபார முறையில் வாங்குகிற விலை வேறு, நன்கொடை வேறு, அதனால் சந்தா என்றே எழுதுங்கள், ரசீது கொடுங்கள், அதை வருமானமாகக் காட்டுங்கள் என்றார். அதனால்தான் ஒன்றுமே தராமல் நன்றி மட்டும் சொல்கிற பாலைப் படியையும் எடுத்தேன். ஒவ்வொருவர் நிலைமையும் வேறு, பத்தி எழுதுகிறவர்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, எழுதாத மாதத்தில் பணம் எடுக்காதீர்கள். போன வருஷம் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு மாதம் நிறுத்தி வைத்தேன், அந்த இரண்டு மாதத்திலும் ஒருவர்கூட விலகவில்லை. பணம் மட்டும் எடுத்து அத்தியாயம் அனுப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஜூலை எட்டுப் பக்கத்துக்கே எத்தனை முணுமுணுப்பு வந்தது.

அஞ்சலட்டையை முழுசாக விட்டுவிடவில்லை. தென்காசியில் ஒரு பெரியவர், நெய்தலில் இருந்தவர், ₹100க்கு இறங்கிவிட்டார், ஆனால் நான் போட்ட அட்டைக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டே இருந்தவர், இப்போதும் போடுகிறார். அவருக்கு மட்டும் எழுதுகிறேன். அது எந்தப் படியிலும் இல்லை.

கடிதம் நீண்டுவிட்டது, இடமில்லை என்று வெட்டுவீர்கள், தெரியும். வெட்டுவதானால் திணைக் கதையை வெட்டுங்கள், 12 விடியல் கணக்கை விட்டுவிடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் அப்பா பெயர் கொடுத்த வாசகர் படித்துவிடுவார், அவர் இன்னும் ₹300 கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு நாவலாசிரியை,
வத்தலக்குண்டு